மார்கழி வேர்வை

சின்ன வயதிலிருந்தே எனக்கு வேர்வை கொஞ்சம் அதிகம் என்று காலையில் அந்தப் பெரிய டாக்டரிடம் சொன்னேன், டாக்டரம்மா. அது பொய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்கழிக் குளிரில் ரவிக்கை நனைகிறது, கை நடுங்குகிறது, தூக்கம் இல்லை, பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. அவர் அரைமணி நேரம் கேட்டுவிட்டு, மனநோய் வார்டில் சேர்க்கவேண்டும் என்று எழுதப் போகிறார். வேண்டாம் என்று நீங்கள்தான் அவரிடம் சொல்லவேண்டும். எனக்குப் பைத்தியம் இல்லை. காரணம் எனக்கே தெரியும்.

என் அக்கா பூரணியை உங்களுக்கு நினைவிருக்கும். ஆம்பூர், புருஷன் தணிகைவேல் தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரி. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தாளே, அவள்தான். முகம் ஊதி, குரல் கரகரத்து, கேட்ட கேள்விக்குப் பதில் வர நாழியாகும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தெருவில் பைத்தியம் என்றார்கள். ஆற்காட்டு டாக்டரும் அதையே எழுதிக் கொடுத்தார். வீட்டைப் பார்த்துக்கொள்ள அப்பா என்னை அனுப்பினார். இரண்டேகால் வருஷம் கழித்து மாமா அவளை உங்களிடம் அழைத்துவந்தார். நீங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தீர்கள். பைத்தியமில்லை, சுரப்பி வேலை செய்யவில்லை, ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை என்றீர்கள். எட்டாவது படித்தவள் என்று புட்டியை என் கையில் கொடுத்தீர்கள்.

தவறாமல் கொடுத்தேன். ஐந்தாறு வாரத்தில் முகம் வற்றி, அக்கா பழைய அழகுக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் கம்பளியை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குள் வந்தாள்.

"இன்னா தேவகி, உப்பு ஜாடிய யாரு இங்க மாத்தி வச்சது?"

கோபமில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஜாடியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "நீயும் எத்தினி நாளைக்குத்தான் இங்க கெடப்ப, பாவம்," என்றாள். மறுநாளிலிருந்து நான் மாத்திரை கொடுக்கவில்லை.

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாமா ஒரு தடவை சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நீ வந்தப்புறம்தான் வீடு வீடா இருக்குது," என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. சொல்கிற சுபாவமும் இல்லை. எதிர்வீட்டு வக்கீல் மனைவியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். தீராத பைத்தியம் மூன்று வருஷம் தொடர்ந்தால், புதுச் சட்டப்படி கல்யாணத்தைக் கோர்ட்டில் தீர்த்துக்கொள்ளலாமாம். நடுவில் தெளிந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணவேண்டும். மாமாவை அப்படிக் காக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

மருந்தைக் கீழே கொட்டவும் மனம் வரவில்லை. அக்கா முகத்துக்கு அது செய்ததைக் கண்ணால் பார்த்தவள்தானே. நானே விழுங்கினேன். முதலில் ஒன்று, பிறகு மூன்று, நான்கு. சீக்கிரம் தீர்ந்துபோனால், அக்கா கொட்டிவிட்டாள் என்பேன். மாமா வேறு புட்டி வாங்கி வருவார். அக்கா மறுபடி கம்பளிக்குள் போனாள். "மாத்திரைக்கும் கேக்கலியே, தேவகி," என்று மாமா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தபோது, டாக்டரம்மா தப்பாகப் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான்தான் தேற்றினேன்.

தை பிறந்தால் மூன்று வருஷம். இன்னும் பதினோரு நாள். இப்போது போய் என்னைப் பைத்தியம் என்று எழுதினால், பைத்தியத்துக்குக் கல்யாணம் செல்லாது என்கிறதாம் அதே சட்டம். அதனால்தான் உண்மையைச் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்தினால் நான் சரியாகிவிடுவேன், இல்லையா?

அக்கா எப்படி இருக்கிறாள் என்றா கேட்கிறீர்கள்? ஏன் எழுந்துவிட்டீர்கள், உட்காருங்கள். முந்தாநாளிலிருந்து தூக்கம்தான். இன்று பஸ்ஸுக்குக் கிளம்பும்போது எழுப்பிப் பார்த்தேன். கண் திறக்கவில்லை; உடம்பு சில்லென்று இருந்தது. அசந்து தூங்குகிறாள், எழுப்பவேண்டாம் என்று மாமாவிடமும் சொன்னேன். சும்மா விட்டுவிட்டு வரவில்லை, டாக்டரம்மா. இன்னொரு கம்பளியும் எடுத்துப் போர்த்திவிட்டுத்தான் வந்தேன். பைத்தியம் பிடித்தவளுக்கு அதெல்லாம் தோன்றுமா, நீங்களே சொல்லுங்கள்.