வேலி கீறின கார்

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருந்த இளைஞர், "கார் கீறுப்பட்டது நல்லதாப் போச்சு, அண்ணை," என்றார். அவருடைய நகங்களில் கறுப்புப் பெயின்ற் காய்ந்திருந்தது.

"ஆரின்ரை கார்?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"பக்கத்து வீட்டு ஓவசியர் ஐயாவின்ரை. என்ரை மனிசிக்குப் பிள்ளைப்பேற்று நோ வர, ஐயாதான் ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனவர். எங்கடை ஒடுங்கின ஒழுங்கையிலை சின்னத்தம்பியரின்ரை கிளுவை வேலி ஒரு பக்கத்தைக் கீறிப்போட்டுது."

"வேலியை ஒழுங்கைக்குள்ளை தள்ளி அடைச்சவனெல்லே உவன்?"

"ஓம். வழக்கு வைச்சும் எடுக்கேல்லை. பிள்ளை சுகமாப் பிறந்துது. ஐயா ஒண்டும் கேக்கேல்லை, எனக்குத்தான் மனம் கேக்கேல்லை. ஐயாவின்ரை முற்றத்திலை இருந்து, கீறலைத் தேய்ச்சு நானே பெயின்ற் பூசினன். சின்னத்தம்பியர் வந்து கீறலைத் தடவிப் பாத்தார்."

"சண்டைக்கோ?"

"இல்லை, ஒண்டும் கதைக்காமல் போனார். பின்னேரம் நான் வீட்டை வரேக்கை, கத்தியோடை நிண்டு வேலியைப் பிரிக்கிறார்."



"எவ்வளவு உள்ளுக்கு எடுத்தவன்?"

"நேற்றுத் தாயையும் பிள்ளையையும் அந்த ஒழுங்கையாலைதான் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள், அண்ணை. ஒரு கிளுவை இலைகூடக் காரிலை படேல்லை."