சிடியின் மேல் எழுதிய பெயர்

சிடியைத் துடைக்கிறவர்கள் பெரும்பாலும் வட்டமாகத் துடைக்கிறார்கள். அது தவறு. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். பளபளப்பான பக்கத்தில் விழுந்த கீறலை வெள்ளைப் பற்பசை வைத்தே சரிக்கட்டலாம். பெயர் எழுதும் பக்கம் அப்படியில்லை. படமும் குரலும் அதற்கு அடியில்தான் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கின்றன. அங்கே ஏதாவது ஆனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இது தெரியாமல் பலர் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதிக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் கடை. ரீசார்ஜ், ஜெராக்ஸ், இதோடு சிடி துடைத்துச் சரிசெய்யும் இந்த வேலையும். சுற்றுவட்டாரத்தில் இதை வேறு யாரும் செய்வதில்லை. அதனால்தான் கன்னியப்பன் என்னிடம் வர வேண்டியதாயிற்று.

அவர் எங்கள் ஊரில் நிலபுலன் உள்ளவர். எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழி அவர் வயலோரமாகப் போகிறது. என் மனைவி ஜெனிஃபர் மஞ்சள்காமாலையில் இறந்தபோது நல்ல மழை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் வழியில் முள் வெட்டிப் போட்டிருந்தது.

"நாத்து நட்டுக்கீது. ஏரிப் பக்கமா சுத்திக்கினு போங்கடா" என்றார், குடைக்குள் நின்றபடி.

அவர் மனைவி செல்லம்மாள் மட்டும் ஓடிவந்து முள்ளைப் பிடித்து இழுத்தார். "சாவு போற வழியா, வுடுய்யா." கன்னியப்பன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏரித் தண்ணீரில் இறங்கினோம். பெட்டியை முன்னால் தூக்கிய என் தம்பி சாமுவேலுக்குக் கால் வழுக்கியது. பெட்டி கவிழ்ந்தது. ஜெனிஃபர் முகத்திலிருந்த சேற்றை நான்தான் துடைத்தேன். அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

போன தை மாதம் கன்னியப்பன் ஒரு சிடியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். ஒரே மகள் கல்பனாவின் கல்யாண சிடி. அவள் தலைப்பிரசவத்திலேயே போய்விட்டாள். வீடியோ எடுத்தவர் ஸ்டுடியோவை மூடி வருஷக்கணக்காகிறது.

"ஆல்பர்ட்டு, ஒன்ன வுட்டா ஆளில்லபா. கடசில பொண்ணு பேசற எடத்துல சிக்கிக்கினு நிக்குது. அத்தக் கேட்டாதான் வூட்டுல அது சோறு துண்ணுது."

அது என்றது செல்லம்மாளை.

பொறுமையாகத் துடைத்து ஓடவிட்டேன். காரில் ஏறப்போகும் கல்பனா திரும்பி, "யம்மா, அழுவாத. போயி சோறு துண்ணு, போ" என்கிறாள். தெளிவான குரல். மறுநாள் கன்னியப்பனுக்கு முழுசாகப் போட்டுக் காட்டினேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மேல பேரு அழிஞ்சி போயிக்கீதுங்க. எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதுப்பா."

கடைசிக் காட்சி சிடியின் ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரத்தையொட்டி வளைவாக, பால்பாயின்ட் பேனாவால் கல்பனா என்று எழுதினேன். நன்றாக அழுத்தி, எழுதியதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்து முத்து முத்தா கீது" என்றார்.

அந்த வாரமே திரும்பி வந்தார். "தாலி கட்றதெல்லாம் நல்லா வருதுபா. காராண்ட வந்து வாயத் தொறக்குது, அப்டியே நின்னுடுது." பளபளப்பான பக்கத்தை இன்னொரு முறை துடைத்துக் கொடுத்தேன். பழைய சிடி, அப்படித்தான் என்றேன். அதற்குப் பிறகும் வந்தார். நானும் சலிக்காமல் துடைத்துக் கொடுத்தேன்.

வாய் திறந்தபடி நின்றுபோன மகளுக்கு எதிரே தட்டை வைத்துக்கொண்டு செல்லம்மாள் காத்திருப்பாராம். அவள் சொல்லி முடிக்கட்டும் என்பாராம். ஆடி பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மாலை வாங்கிக்கொண்டு போனேன். அதே வயலோர வழியாகத்தான் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். முள் எதுவும் இல்லை. செல்லம்மாள் அன்று ஓடிவந்து முள்ளை இழுத்ததை நான் மறந்தவன் அல்ல.

இப்போதும் கன்னியப்பன் வருகிறார். ஆள் பாதியாகிவிட்டார். தனக்கும் சோறு இறங்கவில்லை என்கிறார்.

"எங்கியாவுது ஒரு காப்பி இருக்காதாபா?"

"இல்லீங்க."

இருக்கிறது. எந்தச் சிடியைத் துடைத்தாலும் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். பெயர் எழுதுவதற்கு முன்பே எடுத்துவிட்டேன். தினமும் கடையைத் திறந்து, ஜெபம் முடித்து, அந்தக் கடைசிக் காட்சியை ஒரு தடவை போட்டுக் கேட்கிறேன். செல்லம்மாள் நல்ல மனுஷி. அவருக்காக இதையாவது செய்ய வேண்டாமா?