தனி ஆவர்த்தனத்துக்குப் போட்ட பூட்டு

எங்கள் சபாவில் போண்டா நன்றாக இருக்கும் சார். தொல்லையே அதுதான்.

சேலையூரில் ஒரு மாடி ஹால், நூற்றிருபது பிளாஸ்டிக் நாற்காலி, பின்பக்கம் ஒரே கதவு. பதினாறு வருடமாக நான்தான் செயலாளர். ‘நாத சேவா திலகம்’ ஏகநாதன். பட்டம் கொடுத்ததும் எங்கள் சபாதான். தேர்வுக் குழுவில் நான் மட்டும் இருந்ததால் கருத்து வேறுபாடு எழவில்லை.

பாடகர் நிறுத்தி, மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் ஜனம் கேண்டீனுக்கு எழுந்துவிடும். எல்லா சபாவிலும் உள்ள வழக்கம். எங்களிடம் அதற்குத் தலைவர் யக்ஞநாராயணன், ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி. அவர் வேட்டியை உதறினால் பின்னால் நாற்பது பேர். போன டிசம்பரில் மேடையேறி, தனிக்கு யாரும் எழ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

“தனிக்குக்கூட ஒக்காந்துடலாம் ஏகநாதன். ஒம்ம நன்றியுரைக்கு பயந்துண்டுன்னா ஓடறோம்!”

யக்ஞநாராயணன் எழுந்து நின்று இப்படிச் சொன்னதும் ஹாலே சிரித்தது. நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பூட்டு வாங்கினேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தனி தொடங்கியதும் வெளிப்பக்கம் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். நாலைந்து பேர் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். யக்ஞநாராயணன் மட்டும் போகவில்லை. கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்தார். வியர்வையில் விபூதி கரைந்திருந்தது.

“மார அடைக்கறது. வெளையாடாதேள், தெறங்கோ.”

கேண்டீன் சிட்டிபாபு பக்கத்தில் நின்றான். “இன்னா சார், பெர்சு மூஞ்சே சரியில்ல. தொறந்து வுடு சார்.”

“தனி முடியட்டும்.”

“அதுக்குள்ள ஆளு பூட்டாருன்னா?”

என் பைக்குள் கைவிடப் பார்த்தான். தட்டிவிட்டேன். ஆட்டோ பிடிக்கிறேன் என்று கீழே ஓடினான்.

அவர் தட்டினார். மைக் வைத்த மிருதங்கத்தின் முன் அது உள்ளே யாருக்கும் கேட்டிருக்காது. அவர் விழுந்ததையும் யாரும் பார்த்திருக்க முடியாது. கடைசி வரிசைக்குப் பின்னால் என் படம் போட்ட பேனர் மறைத்தது. அவர் மனைவி பாலாம்பாள் முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். “கேண்டீனுக்குப் போயிருக்கார்னு இருந்துட்டேனே” என்று பிறகு அழுதார். தனி என்றால் அவரை யாரும் தேடுவதில்லை.

பூட்டு சிக்கிக்கொண்டது என்று நேற்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அது சரியில்லை. புதுப் பூட்டு, ஒரே திருப்பில் திறந்தது. தட்டும் சத்தம் நின்றபோது தனி முடியப் பத்து நிமிடம் பாக்கி. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் திறந்தேன்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, யக்ஞநாராயணனையும் சேர்த்து, ஒருவர்கூடப் பாதியில் எழுந்து போகவில்லை.