வேண்டாம் என்பதே மரபு

— கனடாவின் தானியக் களஞ்சியமாம் இம்மாகாணச் சட்டமன்ற வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய இந்நன்னாளில், ஆசிரியப் பணி துறந்து மக்கள் பணி ஏற்ற மாண்புமிகு ஆர்லன் தீசன் அவர்கள், ரகசிய வாக்கெடுப்பில் சபாநாயகராகத் தேர்வாகியுள்ளார்! முதல்வரும் எதிர்க்கட்சித் தலைவரும் மரபுப்படி அவரை இருக்கைக்கு இழுத்துச் செல்வார்களாக!

— முதல்வரம்மா, கையை விடுங்க. நான் போட்டியே போடலையே?

— நேத்தே வாபஸ் கடுதாசி குடுத்திருக்கணும், வாத்தியாரே. குடுக்காத எம்.எல்.ஏ. எல்லாருமே வேட்பாளர்தான்.

— எனக்கு எவன் ஓட்டுப் போடப்போறான்னு விட்டுட்டேன்.

— நம்ம கட்சி மொத்தமும் போட்டுச்சு. நான்தான் சொன்னேன்.

— சபாநாயகர் விவாதத்துல வாயைத் திறக்கக்கூடாது, ஓட்டும் போடக்கூடாது. இன்னிக்கு எங்க ஹார்ட்லி பள்ளிக்கூடத்தை மூடுற மசோதா வருது! அதைத் தடுக்கத்தானேம்மா அரசியலுக்கே வந்தேன்?

— தெரியுமே. நீங்க எழுந்து பேசினா நம்ம ஆளுங்களே நாலு பேரு கண்ணைத் துடைச்சுக்கிட்டு உங்க பக்கம் சாஞ்சிடுவாங்க. நடங்க.

— வேணாம்! இந்தப் பதவி எனக்கு வேணாம்!

— கைதட்டல் கேட்டுச்சா? புது சபாநாயகர் வேணாம்னு திமிறுறதுதானே மரபு. லயனல் அண்ணே, அந்தப் பக்கம் நல்லாப் புடிங்க. மேசைக் காலைக் கட்டிக்கிட்டாரு.

— பிரமாதம் தீசன்! போன தடவை ஆளு சும்மா ரெண்டடி பின்னால வெச்சாரு. நீங்க கடிக்கவே வர்றீங்க!

— லயனல் சார், நீங்க எதிர்க்கட்சி! நீங்களாவது விடுங்க. பள்ளிக்கூடத்தை மூடினா மைனஸ் நாப்பது டிகிரி குளிர்ல ஏழு வயசுப் புள்ளைங்க ஒன்றரை மணி நேரம் பஸ்ல போகணும் சார்!

— கொடுமைதான். பேப்பர்ல கண்டிச்சிருக்கேனே. ஆனா நாளைக்கு நான் ஆட்சிக்கு வந்தா, அதை மூடுற பழி என் தலையில விழும். அம்மாவே மூடிட்டுப் போகட்டும். அதான் நாங்களும் உங்களுக்கே குத்தினோம்.

— பார்வையாளர் மாடத்தைப் பாருங்க வாத்தியாரே. உங்க பேச்சைக் கேக்க ஹார்ட்லி ஊரே திரண்டு வந்திருக்கு.

— அவங்க எதுக்குக் கைதட்டுறாங்க?

— பின்னே? அவங்க வாத்தியாருக்கு இவ்வளவு பெரிய நாற்காலி!

— நான் நிஜமாவே திமிறுறேன்னு அவங்களுக்குமா தெரியலை?

— படி இருக்கு, பாத்து. உக்காருங்க. அங்கியைச் சரி பண்ணிக்கிட்டு அவையைத் தொடங்குங்க, சபாநாயகரே.

— அமைதி. உறுப்பினர்கள் அமரவும். முதல் அலுவல், ஹார்ட்லி பள்ளியை மூடும் மசோதா. இதுபற்றிப் பேச விரும்பும் உறுப்பினர் எவருமில்லை.