என் மனைவிக்குப் பசி வரவழைத்த விதம்

டாக்டர், பேக்கரிக்காரன் வீட்டில் எல்லாருக்கும் நன்றாகப் பசிக்க வேண்டும். இல்லையென்றால் ஊர் சிரிக்கும்.

என் மனைவி நல்ல சாப்பாட்டுக்காரி. நான் கடையை மூடிவிட்டு வரும்போதே வாசலில் நின்று, "கையில என்ன?" என்பாள். வந்த ஆளைக் கேட்கமாட்டாள், பொட்டலத்தைத்தான் கேட்பாள். எனக்கு அதில் வருத்தமில்லை, பெருமைதான்.

அவளுக்குச் சர்க்கரை நோய் வந்ததும் நீங்கள் மாவுச்சத்தை நிறுத்தச் சொன்னீர்கள். இனி முட்டை, கறி, கீரை. முதலில் கொஞ்ச நாள் என் மேல் எரிந்து விழுந்தாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும், இந்தப் பத்தியமும் பறந்துவிடும் என்று நானும் காத்திருந்தேன். பறந்தது பசிதான். காலையில் முட்டை சாப்பிட்டால் சாயங்காலம் வரை சாப்பாட்டு நினைப்பே இல்லை. அடுப்பிலிருந்து எடுத்த பன்னைச் சுடச்சுட நீட்டினேன்.

"வேணாங்க, பசியே எடுக்கல. இப்பல்லாம் அது ஞாபகத்துக்கே வர்றதில்ல."

சிரித்துக்கொண்டே சொன்னாள். பசியே இல்லாதவளுக்கு நான் எதற்கு?

வீட்டில் சமையல் என் பொறுப்பு. சர்க்கரையைக் கலந்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். மாவு அப்படியல்ல, வாயில்லாப் பூச்சி. முட்டையில் கொஞ்சம் அடித்தேன், சூப்பில் கொஞ்சம் கரைத்தேன், கறியை அதில் புரட்டிப் பொரித்தேன். "உங்க கைப்பக்குவமே தனிங்க" என்றாள். உண்மைதானே.

பசி திரும்பி வந்தது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே சமையலறையை எட்டிப் பார்ப்பாள். நீங்களோ ரத்தத்தைச் சோதித்துவிட்டு, திருட்டுத் தீனியா என்று அவளைத் திட்டினீர்கள். "சத்தியமா எதையும் தொடலங்க" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டேன். அலமாரிக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். தூக்கத்தில் எழுந்து தின்கிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இருக்கலாம் என்றேன்.

பிறகு காலில் புண் வந்தது, ஆறவில்லை. நேற்று இரண்டு விரல்களை எடுத்தீர்கள். மயக்கம் தெளிந்ததும் என்னைத் தேடி, "பசிக்குதுங்க" என்றாள். எத்தனை அழகாகச் சொன்னாள் தெரியுமா?

இன்று காலை பிளாஸ்க்கில் சூப் கொண்டுவந்தேன், ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அதில் என்ன கலந்தேன் என்று கேட்கிறீர்கள். மாவுதான். இத்தனை நாளும் கலந்தவன் நான்தான். எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அவளைப் பட்டினி போட்டவர் நீங்கள். நான் சாப்பாடு போட்டவன்.