நகராத ஸ்லைடு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சிப் பாடம் தயாரிப்பவர். மற்றவர் அவருடைய மச்சான்.

"செல்வி அக்காவுக்காக ஸ்லைடையே நிறுத்திட்டேன் மச்சான்," என்றார் பாடம் தயாரிப்பவர்.

"யாரு, ஓ.பி. சீட்டு போடுறவுங்களா?"

"ஆமா. பயிற்சிப் பரீட்சையில நோயாளி பேர அவுங்க அடிச்சி முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஸ்லைடு தானா வந்துடும். மூணு தடவ ஃபெயிலு. இன்னொரு தடவ ஃபெயிலானா வேல போயிடும்னுட்டாங்க."

"அப்புறம்?"

"அவுங்க பட்டன அமுக்குற வரைக்கும் ஸ்லைடு நவுராதுன்னு மாத்திட்டேன். நேத்து பாஸாயிட்டாங்க. போன்ல ஒரே அழுவ."

"ஆஸ்பத்திரி மேனேஜர் ஒன்னும் சொல்லலியா?"

"கூப்புட்டாரு."

"திட்டவா?"

"இல்ல. அடுத்த வாரம் அவரும் அந்தப் பரீட்சைய எழுதணுமாம். அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்னாரு."