பெருமூச்சு என்று பேர் வாங்கிய ஆறு

ஹேரின்: ...இல்ல ப்யோ ஐயா, எங்கம்மாவுக்கு மாப்பிள்ளை பார்க்கலாம்னு நான் கூட்டிட்டு வந்தா, நீங்க உறைஞ்சு போன ஆத்து மேல நடக்க விடறீங்க. பேரைப் பாருங்க, ஹன்தான்... பெருமூச்சுன்னு அர்த்தம்!

ப்யோ: சத்தம்தான் ஒண்ணும்மா, அர்த்தம் வேற. ‘ஹன்’னா பெரிசு. ‘தான்’னா தண்ணி பாறையில மோதிப் பாயுற இடம்.

ஹேரின்: அப்போ சண்டையில தோத்து ஓடி வந்த அந்தக் காலத்து ராஜா கதை? ஓட்டைக் கல்லைப் பார்த்து, என் காலம் முடிஞ்சுதுன்னு இங்கதான் பெருமூச்சு விட்டாராமே?

ஓக்சில்: ராஜாவுக்காகவா கல்லுல ஓட்டை விழுந்துச்சு? நெருப்புக் குழம்பு ஆறுறப்ப உள்ள இருந்த காத்து கொப்புளம் கொப்புளமா...

ஹேரின்: அம்மா?

ஓக்சில்: ...டிவியில சொன்னாங்கடி.

ஹேரின்: சமையலைத் தவிர வேற எதைப் பார்த்த நீ? சரி... அந்தக் குழம்பு எங்கேருந்து வந்துச்சு ஐயா?

ப்யோ: வடக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன எரிமலை. அது கக்கினது இவ்வளவு தூரம் ஓடி வந்து, பழைய ஆத்துப் பள்ளத்தையே மூடிருச்சு.

ஹேரின்: ஐயோ! அப்புறம் ஆறு?

ப்யோ: விட்டுடுமா? புதுக் கல்லும் பழைய கல்லும் சேர்ற ஓரமாப் பார்த்து அரிச்சு அரிச்சு...

ஓக்சில்: அதான் ஒரு கரை கறுப்பா தூண் தூணா நிக்குது, எதிர்க்கரை வெளுப்பு. ஏய், அங்க மிதிக்காத! அருவி விழுற இடம், பனி மெலிசு.

ஹேரின்: இங்க வந்ததே இல்லைன்னு கார்ல சொன்ன?

ப்யோ: அது... பலகை வெச்சிருக்காங்களே...

ஹேரின்: எங்க பலகை?

ஓக்சில்: அங்க சுட்ட சோளம் விக்கிறாங்க, போய் வாங்கிட்டு வாயேன்.

ஹேரின்: பேச்சை மாத்தாத.

ப்யோ: பார்த்து நடங்க ஓக்சில். உங்க வலது முட்டி...

ஹேரின்: வலதுன்னு யாரு சொன்னா? எனக்கே போன வாரம்தான் தெரியும்!

ப்யோ: சோளம்... நானே போய் வாங்கிட்டு வர்றேனே.

ஹேரின்: யோன்சுக் அத்தை குடுத்த நம்பர்னு பெருமையா இவரைப் பிடிச்சேன். அத்தைகிட்டக் குடுத்ததே நீதானா?

ஓக்சில்: நீயே பார்த்துக் குடுத்த மாதிரி இருக்கட்டும்னு... அப்பா போட்டோவைத் துடைச்சிட்டு நீ அழுததைப் பார்த்தேன். எப்படிச் சொல்றது?

ஹேரின்: அது அப்பாவுக்காக அழுதது. நீ தனியா உக்காந்து சாப்பிடுறியேன்னும் அழுதிருக்கேன், அதைப் பார்க்கலையா?

ஓக்சில்: ...பார்க்கல.

ப்யோ: குளிருதும்மா ரெண்டு பேருக்கும். சூடா எதாச்சும்...

ஹேரின்: இருங்க ஐயா. எனக்குச் சம்மதம். போதுமா? வசந்தத்துல கல்யாணத்தை வெச்சுக்கலாம்... ஏன் ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க?

ஓக்சில்: நல்ல வேளை சம்மதம்னுட்ட. மாட்டேன்னிருந்தா ரொம்பச் சங்கடமாப் போயிருக்கும்டி... இலை உதிர்றப்பவே கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டோம்.